செபத்தின் இலக்கணம்

கிறித்தவ வாழ்வில் செபத்தைப் போல் மிகுதியாகப் பேசப்படுவது வேறொன்றில்லை. செபத்தைப் போல் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவதும் வேறொன்றில்லை. நம்புவோர் அதனைப் போற்றுகின்றனர். நம்பாதோர் அதனை எள்ளுகின்றனர். ஆயினும் போற்றுவோருள் பலரும் எள்ளுவோருள் பலரும் ஒரே துலாக்கோலைக் கையில் ஏந்தியிருக்கின்றனர் என்பதே வியப்பு. 'கேட்டது கிடைத்ததா?' என்பதே அத்துலாக்கோல். கிடைத்தது என்பர் ஒரு சாரார்; கிடைக்கவில்லை என்பர் மறு சாரார். விடையில் மாறுபடும் இவ்விரு சாராரும் வினாவில் ஒன்றுபட்டு நிற்கின்றனர். அவ்வினாவே பிழையானது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

அளந்து பார்த்தோர்

1872-ஆம் ஆண்டில் பிரான்சிசு கால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் செபத்தின் பயனைப் புள்ளிவிவரத்தால் அளக்க முற்பட்டார். அரசர் நீடு வாழ வேண்டும் என்று இங்கிலாந்தின் ஆலயங்களில் பொதுச் செபம் இடையறாது நிகழ்வது வழக்கம். அவ்வாறாயின் அரசர் பிறரினும் நெடிது வாழ்ந்திருக்க வேண்டுமன்றோ? கால்டன் கணக்கிட்டுப் பார்த்தார். வசதி வாய்ந்த வகுப்பினருள் அரச குடும்பத்தாரின் சராசரி வாழ்நாளே குறைந்ததாக இருக்கக் கண்டார்.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதனினும் நுட்பமான ஆய்வொன்று வெளியிடப்பட்டது. எர்பர்ட்டு பென்சன் என்னும் மருத்துவரின் தலைமையில், ஆறு மருத்துவமனைகளில், இதயத்தில் 'பைபாஸ்' அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 நோயாளிகள் மூன்று பிரிவினராகப் பகுக்கப்பட்டனர். முதற் பிரிவினருக்காகப் பிறர் செபித்தனர். இரண்டாம் பிரிவினருக்காகச் செபிக்கவில்லை. தமக்காகச் செபம் நிகழ்கின்றதா இல்லையா என்பது இவ்விரு பிரிவினருக்கும் தெரியாது. மூன்றாம் பிரிவினருக்காகச் செபித்ததோடு, அச்செய்தி அவர்களுக்கு அறிவிக்கவும் பட்டது. முடிவு என்ன? அறுவைக்குப் பின்னர்ச் சிக்கலுற்றோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 52 பேர். இரண்டாம் பிரிவில் 51 பேர். மூன்றாம் பிரிவில் 59 பேர். மூன்றாம் பிரிவின் மிகுதி தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கூறினர்.

இம்முடிவுகளைக் கண்டு நம்பாதோர் கைகொட்டி நகைத்தனர். நம்புவோரோ ஆய்வில் குறை காண முற்பட்டனர். இரண்டும் வேண்டாதன. அவ்வாய்வில் செபித்தோர் நோயாளியின் முகம் அறியாதவர். நோயாளியின் முதற்பெயரையும் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் மட்டுமே அறிந்தவர். குறித்த 14 நாள்களுக்குச் செபித்தவர். மருந்தை அளந்து கொடுத்து அதன் விளைவைக் குறிப்பது போலச் செபமும் அளந்து கொடுக்கப்பட்டது. அவ்வாறு அளந்தபோது அது மருந்தன்று என்பது தெளிவாயிற்று. இது கிறித்தவத்துக்கு நேர்ந்த இழுக்கன்று. செபத்தை மருந்தென்று விற்றுத் திரிந்தோருக்கு நேர்ந்த இழுக்கு.

கடைச்சரக்காகிய செபம்

அவ்வாறு விற்போர் உளரா என்று ஐயுற வேண்டுவதில்லை. 'வருக, நலம் பெறுக, வளம் பெறுக' என்று அழைக்கும் சுவரொட்டிகளை நகரங்களிற் காணலாம். கடன் தீரும், வழக்கு வெல்லும், நோய் நீங்கும் என்று உறுதி கூறப்படுகிறது. நம்பிக்கையோடு கேட்டால் கிடைத்தே தீரும் என்பது இவர்தம் முழக்கம். கேட்டது கிடைத்தவரை மேடையேற்றிச் சான்று பகரச் செய்வர். கிடைக்காதவரை மேடையேற்றுவோர் யார்?

இவ்வணிகத்தின் கொடுமை அங்கேதான் மறைந்திருக்கிறது. புற்றுநோயால் படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். அவளுக்காகப் பலர் செபிக்கின்றனர். அவளும் உருகி வேண்டுகிறாள். நோயோ நாள்தோறும் முற்றுகிறது. 'நம்பினால் கிடைத்தே தீரும்' என்பது விதியாயின், கிடைக்காததற்குக் காரணம் என்னவாக இருக்கும்? நம்பாமைதான். ஆகவே அவள் நம்பிக்கை போதாது என்று தீர்ப்பளிக்கப்படுகிறது. அல்லது அவளிடத்தில் ஏதோ மறைவான பாவம் இருப்பதாகக் காதோடு காதாகப் பேசப்படுகிறது. நோயின் சுமை போதாதென்று பழியின் சுமையும் அவள் தலையில் ஏற்றப்படுகிறது. சாகும் தறுவாயில் உள்ளவளிடமிருந்து கடவுளையும் பறித்துவிடும் இச்செயலைச் சமயப் பணி என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும்?

இப்பழியும் புதியதன்று. விவிலியத்தில் யோபுவின் வரலாறு இதனைக் கூறுகிறது. மக்களையும் செல்வத்தையும் உடல் நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவை நோக்கி, 'நீ பாவம் செய்திருப்பாய். ஆகவே துன்புறுகின்றாய்' என்னும் கருத்துப்பட மூன்று நண்பர்கள் மாறி மாறி வாதிட்டனர். இறுதியில் கடவுள் கடிந்துகொண்டது யாரை? தமக்கு எதிரே நின்று முறையிட்ட யோபுவையன்று, தம் சார்பில் வழக்காடிய அந்நண்பர்களையே. செபத்தின் பெயரால் நோயாளியைக் குற்றவாளியாக்குவோர் அம்மூவரின் வழியில் வந்தோரேயாவர்.

மூன்று சொற்கள்

இனி, செபம் என்பது யாது? இதனைத் தெளிவதற்குத் தமிழ் இலக்கணமே ஒரு விளக்கை ஏற்றித் தருகிறது. ஒருவரிடம் ஒன்றை வேண்டுங்கால் வழங்கும் சொற்கள் ஈ, தா, கொடு என மூன்றென்பதைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியலும், பின்னர் எழுந்த நன்னூலும் இவற்றின் வேறுபாட்டை வகுத்துரைக்கின்றன. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் வேண்டும்போது 'ஈ' என்பான்; ஒப்போன் ஒப்போனிடம் வேண்டும்போது 'தா' என்பான்; உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்கும்போது 'கொடு' என்பான். கேட்கப்படும் பொருள் ஒன்றே. கேட்போனுக்கும் கேட்கப்படுவோனுக்கும் இடையே உள்ள உறவே சொல்லை மாற்றுகிறது.

செபங்களையும் இம்மூன்று சொற்களால் வகைப்படுத்தலாம். அச்சத்தால் நடுங்கி, ஆண்டவனை ஒரு கொடுங்கோல் மன்னனாக எண்ணி, காணிக்கையாலும் கண்ணீராலும் அவன் சினத்தைத் தணித்து, ஒரு துணுக்கை இரந்து பெற முயல்வது 'ஈ' என்னும் செபம். நம்பிக்கை என்னும் நாணயத்தைச் செலுத்தியாயிற்று, ஆகவே சரக்கு வந்து சேர வேண்டும் என்று ஆண்டவனைக் கட்டளையிட்டு அழைப்பது 'கொடு' என்னும் செபம். செப வணிகர் கற்பிப்பது இதனையே. கடவுளை உயர்த்துவதுபோல் முழங்கினாலும், உண்மையில் அவரை ஏவலாளாக்கிவிடுகிறது அவர்தம் செபம்.

தமிழ்க் கிறித்தவர், கத்தோலிக்கராயினும் சீர்திருத்தச் சபையினராயினும், இயேசு பெருமான் கற்பித்த செபத்தில் அன்றாட உணவை வேண்டும் இடத்தில் 'தாரும்' என்றே சொல்கின்றனர். மொழிபெயர்த்தோர் பழைய இலக்கண நுட்பத்தை உன்னியே இச்சொல்லைத் தேர்ந்தனர் என்று சாதிக்க வேண்டுவதில்லை. பிற்கால வழக்கில் அவ்வேறுபாடு நெகிழ்ந்துவிட்டது என்பதும் உண்மையே. எனினும் அச்சொல் அவ்விடத்தில் முற்றும் பொருந்தி அமைந்திருக்கிறது. தந்தையிடம் உணவு கேட்கும் பிள்ளை பிச்சை எடுப்பதில்லை, கட்டளையிடுவதும் இல்லை. 'தா' என்கிறது.

கடவுளுக்கு மனிதன் ஒப்போனாவானா என்று வினவுவர். இயல்பால் ஆகான், அன்பால் ஆக்கப்படுகிறான் என்பதே கிறித்தவத்தின் விடை. தம் சீடர்களை இனி ஊழியர் என்று அழைக்காமல் நண்பர் என்றே அழைப்பதாக இயேசு பெருமான் கூறியதை யோவான் எழுதிய நற்செய்தி பதிந்து வைத்துள்ளது. தலைவன் செய்வது இன்னதென்று ஊழியன் அறியான். நண்பனோ அறிவான் என்பது அங்கே தரப்படும் காரணம். ஆகவே செபத்தின் முதன்மையான பயன் பொருளைப் பெறுவதன்று, உறவில் நிற்பது. மற்றெல்லாம் அதன் பின்னரே வரும்.

நட்பில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. நண்பனிடம் 'தா' என்று கேட்போன், நண்பன் தன்னிடம் 'தா' என்று கேட்கும் உரிமையையும் ஒப்புக்கொள்கிறான். இரவலனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆணையிடுவோனிடம் யாரும் கேட்கத் துணிவதில்லை. ஒப்போரிடையே மட்டும் அச்சொல் இருபுறமும் சென்று மீளும். செபத்தின் உயிர்நாடி இதுவே. கடவுளிடம் ஒன்றைக் கேட்கச் சென்றவனிடம் கடவுளும் ஒன்றைக் கேட்கிறார்.

'எங்கள்' என்பதன் பொருள்

இயேசு பெருமான் கற்பித்த செபத்தை மாணவர் இலக்கணக் கண்ணோடு நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். அச்செபம் முழுவதிலும் தன்மை ஒருமை ஓரிடத்திலும் இல்லை. 'எங்கள்', 'எங்களுக்கு' என்று பன்மையே பயில்கிறது. தனியறையில் கதவடைத்துச் செபிக்குமாறு சொன்ன அதே ஆசிரியர், அத்தனியறையிற் சொல்லும் செபத்தைப் பன்மையில் அமைத்துக் கொடுத்துள்ளார்.

தமிழில் 'நாம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தும். 'நாங்கள்' என்பது கேட்போரை விலக்கும். செபத்தைக் கேட்போர் கடவுள். ஆகவே 'எங்கள்' என்னும் சொல் இலக்கண முறையால் விலக்குவது அவர் ஒருவரை மட்டுமே. எஞ்சிய மாந்தர் அனைவரும் வேண்டுவோரின் பக்கத்தில்தான் நிற்கின்றனர். அண்டை வீட்டான், பகைவன், பிற சமயத்தான், பிற இனத்தான் ஆகியோரை அந்தப் பன்மையிலிருந்து நீக்குவது இலக்கணமன்று. செபிப்போனின் குறுகிய மனமே.

இதனை உணர்ந்தோன் உணவை எங்ஙனம் வேண்டுவான்? தன் தட்டு நிறைந்திருக்க, அடுத்த வீட்டின் அடுப்பு எரியாதிருக்கும்போது, 'எங்களுக்குத் தாரும்' என்று அவன் வாயால் சொல்ல இயலுமா? சொன்னால், அச்சொல்லே அவனை இழுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு வாயிலில் நிறுத்தும். அவ்வாறே, தன் குற்றம் பொறுக்கப்பட வேண்டும் என்று கேட்போன், பிறர் குற்றத்தைத் தான் பொறுப்பதையும் உடன் சொல்ல வேண்டியிருக்கிறது. அச்செபத்தில் மனிதன் தான் செய்யும் செயலைக் குறிப்பிடும் இடம் அது ஒன்றே. பகையை நெஞ்சிற் பூட்டி வைத்துக்கொண்டு அவ்வரியைச் சொல்வோன், தனக்கு எதிராகத் தானே வழக்குத் தொடுக்கிறான்.

மறுக்கப்பட்ட செபங்கள்

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்போர் கிறித்தவத்தின் நடுவிடத்தையே மறந்துவிட்டனர். கெத்செமனே தோட்டத்தில் இயேசு பெருமான் துயருற்று மும்முறை செபித்தார். துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டும் என்பதே அவர் கேட்டது. அது அகலவில்லை, மறுநாள் சிலுவை வந்தது. அவருக்கு நம்பிக்கை போதவில்லை என்று சொல்லத் துணிவோர் உளரா? பவுலடியாரும் தம் உடலில் தைத்த முள்போன்ற ஒரு துன்பம் நீங்க மும்முறை வேண்டினார். நீங்கவில்லை, அதனைத் தாங்குதற்கு வேண்டிய அருளே கிடைத்தது. பெருமானுக்கும் திருத்தூதருக்கும் மறுக்கப்பட்டதைத் தம் மேடையில் உறுதியாகப் பெற்றுத் தருவோம் என்போர், யாரினும் உயர்ந்தோராகத் தம்மைக் கருதிக்கொள்கின்றனர்?

தமிழ் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. 1867-இல் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், சிறுமியாக இருந்தபோது, தம் பழுப்பு நிறக் கண்களை நீல நிறமாக்குமாறு இறைவனை வேண்டினார் என்றும், காலையில் எழுந்து கண்ணாடியில் பார்த்து ஏமாந்தார் என்றும் அவர் வாழ்க்கை வரலாற்றிற் கூறுவர். 1895-இல் இந்தியா வந்த அவர், திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமியரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் காத்து வளர்த்தார். புடவை உடுத்துத் தமிழ்ப் பெண்டிரோடு பெண்டிராக ஊர்களுக்குள் சென்றபோது, அந்தப் பழுப்புக் கண்கள் அவரை அயலாராகக் காட்டிக்கொடுக்கவில்லை.

இக்கதையோடு நிறுத்திக்கொள்வது எளிது. மறுக்கப்பட்டதும் நன்மைக்கே என்று இனிதாக முடித்துவிடலாம். ஆனால் அம்மையாரின் வாழ்க்கை அங்கே முடியவில்லை. 1931-இல் அவர் தவறி விழுந்து காயமுற்றார். அதன்பின் 1951-இல் மறையும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். நலம் வேண்டிச் செபித்தோர் பலர், நலம் மீளவில்லை. அத்துன்பத்துக்கு நீலக்கண் கதையைப் போல் எளிய விளக்கம் யாரும் தர இயலாது. தர முயல்வதும் தகாது. அப்படுக்கையில் இருந்தபடியே அவர் நூல்கள் பல எழுதினார், குழந்தைகளுக்குத் தாயாகவே இருந்தார், செபிப்பதையும் விடவில்லை. 'கேட்டது கிடைத்ததா?' என்னும் துலாக்கோலால் அவ்விருபது ஆண்டுகளை நிறுப்போர், அவற்றைத் தோல்வி என்றே எழுத வேண்டியிருக்கும். அவ்வாறு எழுதும் கோல் உடைத்தெறியத் தக்கதன்றோ?

மீண்டு வந்த 'தா'

செபித்தோனிடம் கடவுளும் ஒன்றைக் கேட்கிறார் என்பதற்கு வேலூர் சான்று. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த அமெரிக்கப் பெண்மணி ஐடா சோபியா சுகடர், தம் தாயைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்தார். தாய்நாட்டுக்கு மீண்டு நல்வாழ்வு வாழ்வதே அவர் எண்ணம். ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேறுகாலத்தில் துன்புற்றுக்கொண்டிருந்தனர். மருத்துவராகிய ஐடாவின் தந்தை வருவதை மூவருமே ஏற்கவில்லை; ஆடவர் தம் மகளிரைத் தொடுதல் கூடாது என்பது அவர்தம் வழக்கம். ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் மாண்டுவிட்டனர்.

அவ்விரவில் அவர் உறங்கவில்லை, செபித்தார். அம்மூன்று உயிர்களும் பிழைத்திருந்தால், செபம் கேட்கப்பட்டது என்று ஒருவர் நன்றி கூறி, மறுநாள் மறந்திருக்கலாம். அவை பிழைக்கவில்லை. ஆனால் ஐடா எழுந்தபோது பழைய ஐடாவாக எழவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அங்கே நிறுவினார். இன்று உலகறிந்த மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் அவ்விரவில் வேரூன்றியவை. அவர் கேட்டதற்கு வந்த விடை ஒரு பொருளன்று. 'உன்னையே தா' என்னும் வேண்டுகோள்.

சிங்கையிலும் ஒரு சான்று சுவரில் நிற்கிறது. 1942-இல் சிங்கப்பூர் சப்பானியர் கைப்பட்டபின், போர்க்கைதியாகிய இசுட்டான்லி வாரன் என்னும் ஆங்கிலேய வீரர், சாங்கியில் கைதிகளுக்கான மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தார். அங்கிருந்த புனித லூக்கா சிற்றாலயத்தின் சுவர்களில் விவிலியக் காட்சிகள் ஐந்தை வரைந்தார். வண்ணத்துக்கு வழியில்லாத நிலையில், பில்லியர்ட்சு ஆட்டத்துக்கான சுண்ணக்கட்டி நீல நிறமாயிற்று. நிற்கவும் வலுவற்ற அம்மனிதர் வரைந்த காட்சிகளுள் ஒன்று, தம்மைச் சிலுவையில் அறைந்தோரை மன்னிக்குமாறு இயேசு பெருமான் வேண்டும் காட்சி. சிறைக்கதவு செபத்தால் திறக்கவில்லை. 1945 வரை அது மூடியே இருந்தது. ஆனால் தம்மைச் சிறைவைத்தோரை வெறுக்கும் உரிமை தமக்கு உண்டு என்று உலகமே ஒப்பும் நிலையில் இருந்த ஒருவர், அவ்வுரிமையைத் தூரிகையால் துறந்தார். பகைவனுக்காகச் செபிக்கத் தொடங்கியவன் அவனைப் பகைவனாகவே நெடுநாள் வைத்திருக்க இயலாது.

மறுப்புகளும் விடைகளும்

இங்ஙனமாயின் செபம் என்பது தன்னோடு தானே பேசிக்கொள்ளும் மனப்பயிற்சிதானே என்று அறிவாளர் சிலர் வினவலாம். அன்று. தன்னோடு தானே பேசுவோன் தனக்கு இசைவானதையே கேட்டு மகிழ்வான். ஐடா தம் உள்ளத்தோடு மட்டும் பேசியிருந்தால், அமெரிக்காவில் இனிதே வாழ்வதற்குக் காரணங்கள் நூறு கிடைத்திருக்கும். தன் விருப்பத்துக்கு மாறாக ஒரு குரல் எழுந்து, அதற்கு மனிதன் தலைவணங்கும்போது, அங்கே மற்றொருவர் இருக்கிறார் என்பதே கிறித்தவரின் நம்பிக்கை. அதனைக் கருவியால் மெய்ப்பிக்க இயலாது. கருவியால் பொய்ப்பிக்கவும் இயலாது.

பொருளைப் பெறுவது நோக்கமன்றாயின், எதையும் கேட்பதே தவறாகாதா என்பார் வேறு சிலர். அதுவும் பிழை. கேட்குமாறு கற்பித்தவர் இயேசு பெருமானே. கெத்செமனேயிலும் அவர் தம் விருப்பத்தை மறைக்கவில்லை, வெளிப்படையாகக் கேட்டார், கேட்டபின் தந்தையின் திருவுளத்துக்கு விட்டுவிட்டார். விருப்பத்தை மறைப்பவன் நண்பனாகான். விருப்பத்தை நிறைவேற்றினால்தான் நட்பு என்பவனும் நண்பனாகான்.

இன்னொரு சாரார் உளர். உழைப்புக்கு மாற்றாகச் செபத்தைக் கொள்வோர் அவர். ஆண்டு முழுவதும் நூலைத் திறவாத மாணவன், தேர்வு நாளன்று காலையில் முழங்காற்படியிடுகிறான். அவன் கேட்பது அறிவையன்று, அறிவின்றியே மதிப்பெண்ணை. செபத்தால் அவன் உண்மையில் எதனைப் பெறக்கூடும்? படிக்க அமர்வதற்கு வேண்டிய அடக்கத்தை, புரியாததைப் புரியவில்லை என்று ஆசிரியரிடம் ஒப்புக்கொள்ளும் நேர்மையை, தோற்றாலும் நண்பனின் வெற்றி கண்டு புழுங்காத நெஞ்சை. இவை தேர்வுத்தாளில் எழுதப்படுவன அல்ல. எனினும் தேர்வு முடிந்தபின்னும் நிலைத்திருப்பன. இதனை மாணவருக்கு எடுத்துரைக்கும் கடமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உண்டு. வென்ற பிள்ளையைக் காட்டிச் 'செபத்தின் பயன்' என்று ஊருக்கு உரைக்கும் பெற்றோர், தோற்ற பிள்ளைக்குக் கடவுள் கைவிட்டார் என்னும் பாடத்தையும் அறியாமலே கற்பித்துவிடுகின்றனர்.

முடிவாக

துலாக்கோலை மாற்றுவதே இன்று வேண்டப்படுவது. ஆலயங்களிலும் இல்லங்களிலும் 'கேட்டது கிடைத்ததா?' என்னும் வினா நிற்கட்டும். 'கேட்டவனிடம் என்ன கேட்கப்பட்டது? அதனை அவன் தந்தானா?' என்னும் வினா எழட்டும். அவ்வினா எழுமாயின், நோயாளியின் கட்டிலருகே நிற்போர் அவள் நம்பிக்கையை எடைபோட மாட்டார்கள். அவள் கையைப் பற்றிக்கொள்வார்கள். மருந்து வாங்கப் பணமில்லாத வீட்டுக்குச் செபத்தோடு பணமும் செல்லும். பகைத்துப் பிரிந்த உடன்பிறப்பின் வீட்டுக்கு, செபித்த கால்களே வழி நடக்கும். வேண்டியது கிடைக்காதவர் தலைகுனிந்து ஆலயத்தின் பின்வரிசையில் ஒளிந்திருக்க மாட்டார். கெத்செமனேயில் நின்றவருக்கு மிக அண்மையில் நிற்பவர் அவரே என்பதை அனைவரும் அறிவர்.

'ஈ' என்று அஞ்சி இரப்போரும், 'கொடு' என்று ஆணையிடுவோரும் செபத்தின் இலக்கணத்தை இன்னும் கற்கவில்லை. 'தா' என்று கேட்கவும், 'தா' என்று திரும்ப வரும் குரலுக்குச் செவிசாய்க்கவும் கற்றவரே அதனைக் கற்றவர்.